கறுப்பு அரக்கு ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

1

இந்த இலையுதிர் காலத்தில் எங்கள் பக்கத்து வானொலி நிலையம் ஒரு கூத்தை ஆரம்பித்தது. கடந்த சில பத்தாண்டுகளில் வந்த தலைசிறந்த ராக் ஆல்பங்கள் எவை என்று நேயர்களிடம் ஓட்டு வாங்கி, நூறாவதில் தொடங்கி ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டு வந்தார்கள். ஒஹாயோவில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டால் ஜனங்களுக்கு வேறு பேச்சு கிடைக்காது. என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரன், தனக்குப் பிடித்த ஆல்பத்தைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

நானும் ஒருநாள் காரில் இருந்தபடியே போன் செய்து ஓட்டுப் போட்டேன். போனை எடுத்த பெண் ஆல்பத்தின் பெயரைக் கேட்டாள். கறுப்பு அரக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "ஓ" என்று நீட்டி, நான் சொன்ன அதே பெயரை எனக்கே திருப்பிச் சொல்லிக் கொடுத்தாள். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் இந்த லட்சணம்தான். என் மகன் நவீன் பின் சீட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆங்கிலப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆரணியில் எங்கள் வீட்டில் அதற்குக் கறுப்பு அரக்கு என்றுதான் பெயர். பட்டியலில் அது எந்த இடத்துக்கு வந்தது என்பதும் எனக்கு முக்கியமில்லை. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எப்படி முடிகிறது என்று என் அண்ணன் குமரேசன் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பதிலை அவருக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

அண்ணன் பட்டுத்தறிக்காரர். என்னைவிட ஆறு வயது பெரியவர். நான் பாலிடெக்னிக், கம்ப்யூட்டர் என்று போய்விட்டேன். அவர் அப்பாவின் தறியில் உட்கார்ந்தார். தொண்ணூறுகளின் நடுவில், நெய்த புடவைகளை மூட்டை கட்டி முதலாளி அவ்வப்போது அவரைப் பெங்களூருக்கு அனுப்புவார். கடையில் சரக்கைக் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

அந்தச் சமயம் பெங்களூர்க் கடை ஒன்று கறுப்பு உடம்பும் அரக்கு பார்டரும் போட்ட புடவை கேட்டிருந்தது. எங்கள் பக்கம் கறுப்பை விசேஷத்துக்கு எடுக்கமாட்டார்கள் என்பதால் எல்லோருக்குமே அது புது வேலை. சாயப் பட்டறையில் அரக்கு சரியாக விழவில்லை. ஒருமுறை செங்கல் நிறத்தில் வந்தது, மறுமுறை கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. கடைக்காரர் கேட்ட அரக்கு எது என்று சாயக்காரருக்குக் காட்ட அண்ணனிடம் மாதிரி எதுவும் இல்லை.

பெங்களூர் பிளாட்பாரத்தில் கேசட் விற்கிறவனிடம் அதைப் பார்த்திருக்கிறார். அட்டை முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் ஒரு பட்டை. அசல் அரக்கு. அட்டையை மட்டும் கொடுப்பாயா என்று கேட்டாராம். அவன் சிரித்திருக்கிறான். சரி என்று கேசட்டோடு சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ராக் என்று ஒரு சங்கீதம் இருப்பதே அவருக்கு அன்றுவரை தெரியாது.

சாயக்காரர் அட்டையை வைத்துக்கொண்டு கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீணாகப் போவானேன் என்று அண்ணன் அதைத் தறிக்குப் பக்கத்தில் இருந்த டேப்பில் போட்டார். முதல் பாட்டு முடிவதற்குள், "இன்னாடா இவன், பாவு நூலு அறுந்துட்ட மாதிரி கத்துறான்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். ஆனால் நிறுத்தவில்லை. சாயந்திரத்துக்குள் அவர் மிதி மிதிக்கிற கால் அந்த டிரம்ஸுக்குப் பழகிவிட்டது. கறுப்பு அரக்கு புடவையும் ஒருவழியாக நல்ல நிறத்தில் முடிந்து பெங்களூருக்குப் போனது.

3

அதற்கப்புறம் ஒவ்வொரு பெங்களூர்ப் பயணத்துக்கும் ஒரு கேசட் வந்தது. எல்லாமே அட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்கியவைதான். பாடுகிறவன் யார், எந்த ஊர், எந்தக் குழு என்று அண்ணன் கேட்டதே இல்லை. வாடாமல்லி, மாம்பழம், கிளிப்பச்சை என்று எங்கள் வீட்டில் உலகப் புகழ்பெற்ற ஆல்பங்கள் எல்லாம் நிறத்தின் பெயரிலேயே புழங்கின.

விமர்சனமும் புடவைக் கணக்குதான். முதல் பாட்டு பார்டர். நடுவில் வருவதெல்லாம் உடம்பு. கடைசிப் பாட்டு முந்தி, அதாவது தோளில் விழுகிற தலைப்பு. "வாடாமல்லில பார்டர் மட்டும்தான்டா ஜோரு. உடம்பு ஒண்ணுமே கெடையாது, காலி" என்பார். மாம்பழத்தைக் கல்யாணத்துக்கே கட்டலாம் என்பார். ஒரு கேசட்டை இரண்டு நாள் கேட்டுவிட்டு, சாயம் போகிற பாட்டு என்று தள்ளி வைத்தார். பிற்பாடு இங்கே வந்து பெரிய பெரிய இசை விமர்சனங்கள் எல்லாம் படித்திருக்கிறேன். ஒன்றும் அண்ணன் சொன்ன அளவுக்கு மனதில் ஒட்டவில்லை.

ஆடி மாதம் எங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது மைக் செட்காரர் அவசரத்தில் எங்கள் வீட்டுக் கேசட் ஒன்றை அம்மன் பாட்டு என்று நினைத்துப் போட்டுவிட்டார். தெருவே திகைத்து நிற்கிறது. டிரம்ஸ் ஏற ஏறப் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது. மைக் செட்காரர் அலறி அடித்துக்கொண்டு நிறுத்தப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மனுக்கே புடிச்சிருக்குது, உனக்கு இன்னாய்யா பேஜாரு?" என்றார். அந்த வருஷம் கூழ் குடிக்க வந்தவர்கள் எல்லாரும் கறுப்பு அரக்கின் இரண்டாவது பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் குடித்தார்கள்.

ஆனால் கறுப்பு அரக்கில் ஒரு குறை இருந்தது. பிளாட்பாரத்துக் கேசட் என்பதால், பாட்டின் நீளத்துக்கு டேப்பின் நீளம் போதவில்லை. கடைசிப் பாட்டு உச்சத்துக்கு ஏறிப் போகும்போது, ஒரு வார்த்தையின் பாதியில் டக்கென்று அறுந்துவிடும். "முந்தி நெய்யாத புடவைய எவன்டா மடிச்சிக் குடுத்தான்?" என்று அண்ணன் மறுபடி பெங்களூர் போய்ச் சண்டை போட்டார். அவனிடம் இருந்த எல்லா நகலும் அதே இடத்தில்தான் அறுந்தன.

4

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு அமெரிக்க வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கறுப்பு அரக்கை ஒரு புதுக் கேசட்டில் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். எங்களிடம் இருந்தவை சாதாரண டேப் ரெக்கார்டர்கள்தான். ஒன்றில் பாட்டைப் போட்டு, எதிரே இன்னொன்றை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு முடிகிறவரைக்கும் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று அண்ணன் எல்லாருக்கும் உத்தரவு போட்டார். அண்ணி சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு வயது நவீனை என் மனைவி சுமதி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் மட்டும் தறியில் இருந்தார். மறுநாள் முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய புடவை அது, நிறுத்த முடியாது. பாட்டுக்குப் பாட்டு தறிச் சத்தம் தடக் தடக்கென்று கேசட்டில் ஏறியது. போகப்போக உத்தரவு போட்டவரே உத்தரவை மறந்துவிட்டு, அர்த்தம் தெரியாத ஆங்கிலத்தில் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார். கடைசிப் பாட்டு வழக்கம்போல் பாதி வார்த்தையில் அறுந்தது. அண்ணன் நிறுத்தவில்லை. எந்த மொழியும் இல்லாமல், அந்த ராகத்தை மேலே ஏற்றி, சுற்றிக் கீழே இறக்கி, ஒரு இடத்தில் கொண்டுவந்து அழகாக வைத்தார். தறியும் நின்றது. அப்புறம் டேப் பக்கம் திரும்பி, "முந்தி போட்டுட்டேன்டா. எடுத்துகினு போ" என்றார்.

அந்தக் கேசட்டைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

5

ஒஹாயோவில் முதல் குளிர்காலத்திலேயே ஒரு கடையில் கறுப்பு அரக்கின் அசல் குறுந்தகடு கிடைத்தது. அதே அட்டை, அதே அரக்கு. வாங்கியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கடசிப் பாட்டு முழுசா கீதாடா?"

"இருக்கும்ணா. இன்னும் பிரிக்கல."

"பிரிக்காதடா பாலு. நீ மட்டும் கேட்டுட்டு எனக்குக் கத சொல்லாத. வரும்போது எடுத்துகினு வா. ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து கேக்கலாம். ஜல்தி வா."

கண்ணாடித்தாள் பிரிக்காமல் அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த நாலு வருஷம் ஊருக்குப் போக முடியவில்லை. லீவு கிடைத்தபோது விசா பயம், விசா சரியானபோது வேலை பயம். போன் பேசும்போதெல்லாம் கடைசியில் அண்ணன் அதையே கேட்பார். "எப்டிடா முடிச்சிருப்பான்? நான் போட்ட மாதிரி இருக்குமா?"

கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தபோது அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேலூரில் சேர்த்தார்கள். அனுமதி இல்லாமல் கிளம்பினால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்றார் வக்கீல். அவசர அனுமதி கேட்டேன். சாகக் கிடக்கிறவர் என் அண்ணன்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவர் பெயர் தா. குமரேசன். என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்றார். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அந்த ஒற்றை எழுத்துதான் எங்கள் அப்பா என்று விளக்கினேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அனுமதி வந்து சேர்ந்தபோது ஊரில் கரும காரியம் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் அந்தக் குறுந்தகட்டைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. யாரோடு உட்கார்ந்து கேட்பது?

6

கேசட்டை மட்டும் கேட்டேன். தினமும் கேட்டேன். அதற்காகவே பழைய காரை மாற்றாமல் வைத்திருந்தேன், கேசட் போடுகிற வசதி அதில்தான் இருந்தது. காலையில் நவீனைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவேன். அண்ணன் பாடுகிற இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில்தான் வரும். நவீன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பான்.

பதினாலு வயதாகிறது அவனுக்கு. அப்பா, அம்மா என்ற இரண்டு வார்த்தையைத் தவிர அவன் வாயில் தமிழ் வந்து வருஷக்கணக்காகிறது. நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பெரியப்பா முகம்கூட ஞாபகமில்லை. பாட்டுக்கு நடுவில் பேசுவது யார் என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்ற பயம்தான்.

வானொலியில் பட்டியல் ஓடிக்கொண்டிருந்த வாரத்தில் என் பிறந்தநாள் வந்தது. காலையில் நவீன் என் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துக்கொண்டு போனான். கேசட் பெட்டி இருந்த இடத்தில் நீல விளக்கு எரிகிற புதுக் கருவி. கோடை முழுவதும் பக்கத்து வீடுகளில் புல் வெட்டிச் சேர்த்த காசு. நண்பனின் அண்ணன் மாட்டிக் கொடுத்தானாம். இழுப்பறையில் அசல் தகடு பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தானாம். இவ்வளவு நல்ல ஆல்பத்தை, அதுவும் ஊரே ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிற ஆல்பத்தை, ஓட்டை நகலில் கேட்கிறீர்களே அப்பா, இதில் இரைச்சலே கிடையாது, கடைசிப் பாட்டுகூட முழுசாக இருக்கிறது என்றான். கண்ணாடித்தாளைப் பிரித்து அவனே தகட்டை உள்ளே போட்டு வைத்திருந்தான்.

"கேசட் எங்கே?" என்றேன்.

பழைய பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும், பெட்டியை மின்சாதனக் கழிவு எடுக்கிற இடத்தில் போட்டுவிட்டோம் என்றான். என் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு மெதுவாக நின்றது. எனக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. ஆனால் அவன் கட்டைவிரலில் புல் வெட்டும் இயந்திரம் கிழித்த தழும்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

7

கழிவு நிலையத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் கவுன்டரில் விஷயத்தைச் சொன்னேன். நல்ல அம்மாள். பெட்டியின் வரிசை எண் கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்தப் பெட்டிக்குள் என் அண்ணன் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் அது வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும், அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அண்ணனின் குரல், பதிவு செய்த குரல் என்று திருத்தினேன்.

அவர் முகம் தெளிந்தது. உங்கள் சொந்த விஷயம் வெளியே போய்விடுமோ என்று கவலைப்படவே வேண்டாம், இங்கே வருகிற எல்லாவற்றையும் தூளாக்கித்தான் வெளியே அனுப்புகிறோம், நேற்று லாரி போய்விட்டது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை காரை ஒரு பல்பொருள் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஆரணிக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்தார். நவீன் பின் சீட்டில் இருந்தான். என் பிறந்தநாளான வியாழக்கிழமையிலிருந்து அவனும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அண்ணனுடைய பழைய கேசட் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கீது தம்பி. பெட்டில வச்சிருக்கேன். இன்னாத்துக்கு?"

"அதுல எங்கேயாவது அண்ணன் பேசறது இருக்குதா அண்ணி?"

"அதுல எப்டிங்க இருக்கும்? கடையில வாங்கினது. பாட்டுக்காரன் கொரல்தான் கீது."

விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு கொரலா? உங்ககிட்ட இருந்துச்சா? போன தபா வந்தப்பகூட சொல்லலியே தம்பி."

"நீங்க அழுவீங்கன்னுதான் அண்ணி..."

"அழுதா அழுதுட்டுப் போறேன். போட்டோல அவரு பேசவா போறாரு? ஒரு தபா போன்ல வச்சிக் காட்டியிருக்கலாமே." அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி வுடுங்க. புள்ளய திட்டாதீங்க. அது ஆசையாத்தான் செஞ்சிருக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்துக் கேட்டார். "அந்தப் பாட்டு எப்டி முடியுதுன்னு கேட்டுட்டீங்களா? ஆஸ்பத்திரில கூட அதத்தான் சொல்லிகினு இருந்தாரு. பாலு வந்தா கேக்கணும், பாலு வந்தா கேக்கணும்னு."

இன்னும் கேட்கவில்லை என்றேன்.

"கேளுங்க. நானும் கேக்கறேன்."

போனைக் காரின் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். நவீன் எட்டிக் கடைசிப் பாட்டைப் போட்டான். தறிச் சத்தம் இல்லாமல் அந்தப் பாட்டு மொட்டையாக இருந்தது. நம் கேசட் அறுகிற இடம் வந்ததும் என் கை தானாக நிறுத்தப் போய்விட்டது. நிறுத்தவில்லை. பாட்டு அந்த வார்த்தையைத் தாண்டிப் போனது. ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதே வரியை அவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள். சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. அப்புறம் கேட்கவில்லை.

"முடிஞ்சிச்சா தம்பி?"

"முடியல அண்ணி. அவங்க பாடிகினேதான் இருக்காங்க. நமக்குத்தான் கேக்கல."

"அப்ப முந்தி?"

"இல்ல அண்ணி. அவன் முந்தியே போடல."

"அப்ப இவரு போட்டதுதானா?" என்றார் அண்ணி. "அது எப்டிங்க இருந்துச்சி? கொஞ்சம் பாடுங்களேன்."

ஸ்டியரிங்கில் தறி போலத் தட்டிக்கொண்டு பாடினேன். அண்ணன் ஏற்றிய இடத்தில் ஏற்றி, சுற்றிய இடத்தில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அதற்குமேல் அவர் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு முயன்றும் வரவில்லை.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"முந்தி போட்டுட்டேன்டா. எடுத்துகினு போ."

அண்ணன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இழுக்கிற இடத்தில் இழுத்து, சுத்தமான ஆரணிப் பேச்சில் நவீன் சொன்னான். வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத் தெருவில் கேட்டது. முந்தி என்றால் என்னவென்றுகூட அவனுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்த மாதிரி என்னைப் பார்த்தான்.

"தம்பி," என்றார் அண்ணி போனில். "அவன இன்னொரு தபா சொல்லச் சொல்லுங்க."